வண்ணம் காய்வதற்குள்: ஓவிய வகுப்பு பற்றி வாசகர் கேட்டவை

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் நடக்கும் தொடக்கநிலை அக்ரிலிக் (நீரில் கலந்து பூசும் ஒருவகை வண்ணம்) ஓவிய வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நாற்பத்து மூன்று வயதில், பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அப்படியொரு வகுப்பில் நான் போய் உட்கார்ந்ததையும், அன்று கையில் எடுத்த தூரிகையை இன்றுவரை கீழே வைக்காமல் இருப்பதையும் அதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சன்னிவேல் வாசகி): அம்மா, எனக்கு முப்பத்தெட்டு வயது. கணவரின் வேலை காரணமாக எச்-4 விசாவில் இங்கே வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எட்டாம் வகுப்போடு ஓவியத்தை விட்டவள் நான். படம் வரையக் கை வராதவர்களையும் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா? நுழைவுத் தேர்வு உண்டா? முன்பு வரைந்த படங்கள் எதையாவது காட்ட வேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: சேர்த்துக்கொள்வார்கள். நுழைவுத் தேர்வும் கிடையாது, படங்களின் தொகுப்பையும் கேட்க மாட்டார்கள். பதினெட்டு வயது நிறைந்த எவரும் வந்து படிக்கலாம் என்பதுதான் சமுதாயக் கல்லூரியின் அடிப்படையே. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியெட் நகரத்தில் 1901-ஆம் ஆண்டு தொடங்கி இன்றும் இயங்கிவரும் கல்லூரியை இவ்வகை அரசுக் கல்லூரிகளில் மூத்தது என்பார்கள். இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வழியில் முதல் இரண்டு ஆண்டுகளை இங்கே முடித்துக்கொள்ளும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களும், இரவுப் பணிக்குப் போகும் முன் வந்து படிப்பவர்களும் ஒரே அறையில் ஈசலுக்கு (படத்தை நிறுத்தி வரையும் தாங்கிக்கு) முன் நிற்பதை வேறெங்கும் அவ்வளவு எளிதில் பார்க்க முடியாது. என் வகுப்பில் எனக்கு இடப்புறம் நின்றவர் எழுபதைக் கடந்த ஒரு முதியவர்; வலப்புறம் நின்ற பெண்ணுக்கு என் மகளைவிட மூன்று வயதுதான் கூடுதல். மூவருமே முதல் வாரத்தில் ஒரு கோப்பையின் வாயை வட்டமாக வரையத் தெரியாமல் திணறியவர்கள்தாம்.

கட்டணம் யூனிட் கணக்கில், அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகின் கணக்கில், அமைகிறது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று யூனிட் வகுப்புக்கு 138 டாலர் ஆகும். உங்களுக்கு அருகிலுள்ள டி அன்ஸா, ஃபுட்ஹில் ஆகிய இரண்டு கல்லூரிகளும் ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரித்து நடத்துவதால், அங்கே ஒரு யூனிட்டுக்கு 31 டாலர் என்று கணக்கிடுவார்கள். இவற்றோடு சிறு கட்டணங்கள் சில சேரும். மாநில வாசி என்று கருதப்படாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்காகிவிடும் என்பதால், ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததற்கான சான்றுகளை எடுத்துக்கொண்டு, உங்கள் விசாவையும் சொல்லி, சேர்க்கை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எச்-4 விசாவில் இருப்பவர் படிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

வகுப்பு பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்கும். இந்த நேரத்தைத்தான் நான் கட்டணத்தைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். வீட்டில் காணொளியைப் பார்த்து வரைபவர்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அதற்குள் குக்கர் விசிலடிக்கும், தொலைபேசி அழைக்கும். வேறெந்த வேலையும் செய்யக் கூடாத மூன்று மணி நேரத்தை ஒரு கல்லூரி நமக்கு ஒதுக்கித் தருகிறது. கோடோவியப் பாடத்தை முதலில் முடித்துவிட்டு வருவது நல்லது என்று சில கல்லூரிகள் பரிந்துரைக்கும். கால அட்டவணை ஒத்துவந்தால் அப்படியே செய்யுங்கள். ஒத்துவரவில்லை என்பதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டாம். இடம் நிரம்பிவிட்டது என்று இணையப் பதிவுத் திரை காட்டினால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, முதல் நாள் வகுப்புக்கு நேரில் செல்லுங்கள். முதல் நாள் வராதவர்களின் பெயரை ஆசிரியர் நீக்கிவிடுவதும், அந்த இடத்தை வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பதும் வழக்கமாக நடப்பவை.

கேள்வி (ஃப்ரீமாண்ட் வாசகர்): கல்லூரி அனுப்பிய பொருள் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போனேன். கட்டணத்தைவிட வண்ணங்களுக்கும் தூரிகைகளுக்கும் ஆகும் செலவு அதிகமாக இருக்கிறது. இருபத்து நான்கு வண்ணங்கள் அடங்கிய பெட்டி ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டால் போதாதா?

பதில்: அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். காசை மிச்சப்படுத்த நினைக்கும் புதியவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் போகிறோம். நானும் போனேன், மூன்றாவது வாரத்தில் அதை ஒதுக்கிவைத்தேன். மலிவான பெட்டி வண்ணங்களில் நிறமி குறைவாகவும் நிரப்புப் பொருள் அதிகமாகவும் இருக்கும். வெள்ளையைக் கலந்தவுடன் எல்லாம் சுண்ணாம்பு பூத்ததைப் போல வெளிறிவிடும். மூன்று முறை பூசினாலும் அடியில் உள்ளது தெரியும். தவறு தன் கையில்தான் இருக்கிறது என்று மாணவர் நினைத்து மனம் தளர்ந்துபோவார்.

இருபத்து நான்கு குழாய்கள் தேவையே இல்லை. டைட்டானியம் வெள்ளை ஒரு பெரிய குழாய், அதற்கு மேல் ஆறோ ஏழோ சிறிய குழாய்கள் போதும். மஞ்சளிலும் சிவப்பிலும் நீலத்திலும் இரண்டிரண்டாக வாங்கச் சொல்லி ஆசிரியர் எழுதியிருப்பார். அது வீண் செலவு அல்ல, அந்த வகுப்பின் முதல் பாடமே அதில்தான் இருக்கிறது. அல்ட்ராமரைன் நீலம் ஊதாவின் பக்கம் சாய்ந்தது. தேலோ நீலம் பச்சையின் பக்கம் சாய்ந்தது. எலுமிச்சை மஞ்சளோடு தேலோவைக் கலந்தால் வாழைக்குருத்தைப் போன்ற துலக்கமான பச்சை வரும். காட்மியம் மஞ்சளோடு அல்ட்ராமரைனைக் கலந்தால் முற்றிய புளிய இலையின் மங்கிய பச்சை வரும். இரண்டுமே நமக்கு வேண்டும். அதேபோல், காட்மியம் சிவப்போடு அல்ட்ராமரைனைக் கலந்து ஊதா வரவில்லையே என்று வருந்துபவர்கள், குவினாக்ரிடோன் மெஜந்தாவைக் கலந்து பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கிவிடும். கறுப்புக் குழாய் கட்டாயம் இல்லை. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரைனையும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தால், ஏறக்குறையக் கறுப்பான ஆழ்ந்த இருள் கிடைக்கும். ஒரு துளி கூட்டிக் குறைத்தால் அதையே சூடாகவோ குளிர்ச்சியாகவோ மாற்றிக்கொள்ளலாம். தேலோவை மட்டும் பட்டாணி அளவுக்கு மேல் பிதுக்காதீர்கள். அதன் வீரியம் மற்ற எல்லா வண்ணங்களையும் விழுங்கிவிடும்.

குழாயின் மேல் காட்மியம் சிவப்பு என்ற பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று எழுதியிருந்தால், உண்மையான காட்மியத்துக்குப் பதிலாக அதே சாயல் கொண்ட வேறு நிறமி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பயிற்சிக்கு அது போதும். அசல் காட்மியத்தின் விலையில் பாதிகூட ஆகாத குழாய்கள் கிடைக்கின்றன. பெயரைவிட முக்கியம், குழாயின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடு. அல்ட்ராமரைன் என்றால் பி.பி. 29, தேலோ என்றால் பி.பி. 15, டைட்டானியம் வெள்ளை என்றால் பி.டபிள்யூ. 6 என்று இருக்கும். நிறுவனங்கள் தங்கள் விருப்பம்போலப் பெயர் வைத்தாலும் இந்தக் குறியீடு மாறாது. ஒரே ஒரு குறியீடு உள்ள குழாய்களைத் தேர்ந்தெடுத்தால் கலக்கும்போது சேறாவது குறையும்.

தூரிகைகளில் செயற்கை இழை கொண்டவற்றையே வாங்குங்கள். நீரில் ஊறிக் கிடக்க வேண்டிய அக்ரிலிக் வேலைக்கு விலையுயர்ந்த விலங்கு முடித் தூரிகைகள் பொருந்தாது. ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை, அரை அங்குலத் தட்டை, முனை வளைந்த ஃபில்பர்ட் ஒன்று, சிறிய உருண்டைத் தூரிகை ஒன்று, கலக்குவதற்கு ஒரு கத்தி. தொடக்கப் பயிற்சிகளுக்குக் கான்வாஸே தேவையில்லை; தடித்த காகிதத்தில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு முறை பூசிக்கொண்டால் போதும். முதல் வகுப்புக்குப் போய் ஆசிரியர் சொல்வதைக் கேட்ட பிறகே எதையும் வாங்குங்கள். பட்டியலில் உள்ளவற்றில் எது முதல் மாதத்துக்கு வேண்டும், எது கடைசி மாதம்வரை காத்திருக்கலாம் என்று அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி (கூப்பர்டினோ வாசகி): வகுப்பில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. சரியான நிறத்தைக் கலந்து முடிப்பதற்குள் பாதி வண்ணம் கலக்கும் தட்டான பாலட்டிலேயே காய்ந்துவிடுகிறது. பூசிய பிறகோ, காய்ந்ததும் கருத்துவிடுகிறது. நேற்று விட்ட இடத்தில் இன்று அதே நிறத்தைக் கொண்டுவர முடியவில்லை. எண்ணெய் வண்ணத்துக்கு மாறிவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது. அக்ரிலிக் வண்ணம் என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய நெகிழித் துகள்களும் நிறமியும் சேர்ந்த கலவை. நீர் ஆவியாகும்போது அந்தத் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி, இணைந்து, ஒரே படலமாகிவிடுகின்றன. அப்படி ஆன பிறகு நீரை ஊற்றினாலும் அது கரையாது; காய்ந்த பின்னும் கரைகிற நீர்வண்ணத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஈரமாக இருக்கும்போது அந்த நெகிழிப் பசை பாலைப் போல வெண்மையாக இருக்கும். காய்ந்ததும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். வெண்மை விலகுவதால்தான் நிறம் ஒரு படி கருக்கிறது. அடர்ந்த நிறங்களில் இது கூடுதலாகத் தெரியும். வெள்ளை அதிகம் கலந்த நிறங்களில் அவ்வளவாகத் தெரியாது.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். கலந்த நிறத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் தீற்றி, முடி உலர்த்தும் கருவியால் அரை நிமிடம் உலர்த்திப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். நாளை தொடர வேண்டிய நிறத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கலந்து, மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்துவையுங்கள். பாலட்டுக்கு, மூடி உள்ள தட்டையான ஒரு பெட்டியில் ஈரத் துணியையோ மெல்லிய பஞ்சையோ விரித்து, அதன் மேல் பேக்கிங்குக்குப் பயன்படுத்தும் பார்ச்மெண்ட் காகிதத்தைப் போட்டு, அந்தக் காகிதத்தில் வண்ணத்தைப் பிதுக்கிக்கொண்டால், மூடிவைத்த வண்ணம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். நீர் தெளிக்கும் சிறிய குப்பி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். உலர்வைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் என்ற திரவம் உண்டு. ஆனால் குப்பியில் அச்சிட்டுள்ள அளவை மீறினால் படம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். வண்ணத்தை நீர்க்க வைப்பதற்கு நீரை மட்டுமே நம்பாமல் அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேராத அக்ரிலிக் பசையை) சேர்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நீர் அளவுக்கு மிஞ்சினால் பசையின் பிடிப்பு குறையும். குளிர்காலத்தில் கராஜில் வரைபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெப்பநிலை ஏறக்குறைய 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் துகள்கள் சரியாக இணையாமல் படலம் வலுவிழந்துவிடும்.

எண்ணெய் வண்ணத்துக்கு மாறுவதை இப்போது யோசிக்காதீர்கள். விரைவாகக் காய்வது குறையாகத் தெரிவதெல்லாம் முதல் ஐந்தாறு வாரங்கள்தான். அதன் பிறகு, பத்து நிமிடத்தில் காய்ந்த தவற்றின் மேல் உடனே அடுத்ததைப் பூசித் திருத்திக்கொள்ள முடிகிறதே என்ற நிம்மதி வரும். எண்ணெயில் அந்தத் திருத்தத்துக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழுள்ள நிறம் மேலே கலங்கிவிடும். ஓவியர்களுக்கான நீர்வழி அக்ரிலிக் வண்ணம் சின்சினாட்டி நகரத்தில் 1955-ஆம் ஆண்டு லிக்விடெக்ஸ் என்ற பெயரில் வந்தபோது, அதைக் கையில் எடுத்தவர்கள் இந்த விரைவைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து 1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த ஓவியர் டேவிட் ஹாக்னி, அந்த ஊரின் கூர்மையான வெயிலையும் நீச்சல் குளங்களையும் வரைவதற்கு அக்ரிலிக்கைத்தான் தேர்ந்தெடுத்தார். அவருடைய 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' என்ற 1967-ஆம் ஆண்டு ஓவியத்தில், வானமும் குளத்து நீரும் உருளைகளால் சமதளமாகப் பூசப்பட்டவை. ஒருவர் குதித்ததும் மேலெழுந்த நீர்த்தெறிப்பை மட்டும் சிறிய தூரிகைகளால் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் உட்கார்ந்து வரைந்தார். விரைவாகக் காயும் வண்ணத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நிதானமாகவும் வேலை செய்ய முடியும் என்பதை அந்தப் படத்தின் முன் நின்றால் உணரலாம். வண்ணம் காய்வதற்குள் படத்தை முடித்தாக வேண்டியதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்குள் அடுத்த தீற்றல் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானித்தால் போதும்.

கேள்வி (மில்பிடாஸ் வாசகி): நான் தஞ்சாவூர் ஓவியம் முறையாகக் கற்றவள்; பத்து ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த வகுப்பில் நான் வரைந்த பழத்தட்டைப் பார்த்த ஆசிரியர், சுற்றிலும் நான் இட்ட கறுப்புக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி வரையச் சொன்னார். கோடு இல்லாமல் உருவம் எப்படி நிற்கும்? எங்கள் மரபைத் தாழ்வாக நினைக்கிறாரோ என்று மனம் வருந்துகிறது.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, அம்மா. பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்து மேடுகட்டி, கல்லைப் பதித்து, பொன்தாளை ஒட்டி, கடைசியில் கண்ணும் புருவமும் எழுதி முடிக்கிற அந்தக் கலையில் கோடுதான் உயிர். கிருஷ்ணரின் கன்னத்தில் சாளரத்து வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை, எழவும் வேண்டியதில்லை. அந்த உருவம் தானே ஒளிர்வது.

தொடக்கநிலை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் வேலை முற்றிலும் வேறு. ஒரு விளக்கு ஒரு பக்கத்திலிருந்து எரியும்போது, மேசை மேல் இருக்கும் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் எங்கே வெளிச்சம் முடிந்து எங்கே நிழல் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் அளந்து பூசக் கற்றுத்தருவதுதான் அது. அப்படிப் பார்த்தால், பழத்தைச் சுற்றிக் கோடு எதுவும் இல்லை. வெளிச்சப் பக்கத்தில் பழம் இருண்ட பின்புலத்தின் மேல் பளிச்சென்று வெட்டித் தெரியும். நிழல் பக்கத்தில் பழத்தின் இருளும் மேசையின் இருளும் ஒன்றாகி, விளிம்பே காணாமல் போய்விடும். அந்தக் காணாமல் போன விளிம்பைத் துணிந்து விட்டுவிடக் கற்றுக்கொள்வதுதான் கடினம். கறுப்புக் கோடு இட்டவுடன் எல்லா விளிம்புகளும் ஒரே அளவு கூர்மையாகிவிடுகின்றன, பழம் தட்டையாகிவிடுகிறது. ஆசிரியர் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஒன்பது படிகள் கொண்ட சாம்பல் பட்டையை முதல் வாரத்தில் வரையச் சொல்லியிருப்பார்கள். அதைச் சலிப்பான வேலை என்று பலரும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். அந்த வகுப்பிலேயே மிக முக்கியமான பயிற்சி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். நிறம் தவறினாலும் படம் நிற்கும். ஒளி நிழலின் அடர்த்தி தவறினால் எந்த நிறமும் காப்பாற்றாது. வீட்டில் ஒரு வெள்ளைத் துணியின் மேல் வெள்ளை முட்டை ஒன்றை வைத்து, ஒரே ஒரு விளக்கை ஏற்றி, கண்களை இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். முட்டையின் நிழல் பக்கம், வெளிச்சத்தில் உள்ள துணியைவிடக் கருமையாக இருப்பதையும், நிழலின் அடியில் துணியிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் மெல்லிய கீற்றாக ஏறியிருப்பதையும் காண்பீர்கள். பிறகு வெள்ளையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் மட்டும் கொண்டு அதை வரைந்துபாருங்கள். பத்து ஆண்டுகள் நுண்ணிய வேலை செய்த உங்கள் கைக்கு அது வசப்படும். கண்ணுக்குத்தான் புதிய பழக்கம் வேண்டும்.

கோடு தாழ்ந்தது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சென்னைக்கு அருகே 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும், மேற்கத்திய முறைகளைக் கற்ற பின்னரும் கோட்டையே தங்கள் பலமாக வைத்துக்கொண்டார்கள். ஆசிரியரிடம் உங்கள் பின்னணியை ஒருநாள் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் செய்த படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பருவத்தின் கடைசிப் படத்துக்குப் பொருளை மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதில் உங்கள் கோட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதுவரை பழத்தட்டுக்கு அவர் சொன்னபடி செய்யுங்கள்.

கேள்வி (அம்பத்தூர் வாசகி): எனக்கு 64 வயது. வருகிற வைகாசியில் சான் ஹோசேயில் உள்ள மகள் வீட்டுக்குச் சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் தங்கப்போகிறேன். பகலெல்லாம் தனியே இருக்க வேண்டும். இந்த வகுப்பில் நானும் சேரலாமா?

பதில்: யூனிட் கணக்கில் நடக்கும் கல்லூரி வகுப்பில் சேர வேண்டாம். பி-2 எனப்படும் சுற்றுலா விசாவில் வருபவர், பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் படிப்பில் சேரக் கூடாது. பொழுதுபோக்காகச் சில நாட்கள் நடக்கும், மதிப்பெண் இல்லாத குறுகிய வகுப்புகளுக்கு மட்டும் இடமுண்டு. அத்தகைய வகுப்புகளை நகராட்சிகளின் பொழுதுபோக்கு மையங்களும், முதியோர் மையங்களும், சில கல்லூரிகளின் மதிப்பெண் இல்லாத பிரிவுகளும் நடத்துகின்றன. எதில் சேர்வதானாலும், உங்கள் விசாவைச் சொல்லிக் கேட்டுவிட்டு வருமாறு மகளிடம் சொல்லுங்கள். வரும்போது ஊரிலிருந்து வண்ணக் குழாய்களைச் சுமந்து வர வேண்டாம். ஒரு நல்ல வரைதாள் புத்தகமும் பென்சில்களும் போதும். மகள் வீட்டுச் சமையலறை மேடையில் இருக்கும் எந்தப் பாத்திரமும் வரையத் தகுந்ததுதான்.

கேள்வி (சான் ஹோசே வாசகி): ஐந்தாம் வாரத்தில் எல்லோருடைய படங்களையும் சுவரில் வரிசையாக மாட்டிவைத்து, ஒவ்வொருவராக மற்றவர் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் படத்தில் ஜாடி சாய்ந்திருக்கிறது என்று என் மகன் வயதுப் பையன் ஒருவன் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் பதில் சொல்லவும் வரவில்லை. வகுப்பை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். 'கிரிட்டிக்' என்று அழைக்கப்படும் அந்த மணி நேரத்துக்கு நாம் பழகவில்லை. நம் பள்ளிகளில் படத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், இல்லாவிட்டால் 'வெரி குட்' எழுதிக் கையெழுத்திடுவார்கள். பத்துப் பேர் முன்னிலையில் ஒரு படத்தை நிறுத்தி அதில் என்ன நடக்கிறது என்று பேசிய அனுபவம் நமக்கு இல்லை. அதனால் படத்தைச் சொன்னால் நம்மைச் சொன்னதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. எனக்கும் முதல் முறை அப்படித்தான் இருந்தது. அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையன் சொன்னதை இப்படி எண்ணிப்பாருங்கள். நாம் மூன்று மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதிலுள்ள சாய்வுக்கு நம் கண் பழகிவிடுகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு அது முதல் நொடியிலேயே தெரிகிறது. ஓவியர்கள் தங்கள் படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பதும் தலைகீழாக நிறுத்திப் பார்ப்பதும் இந்தப் புதுக் கண்ணைப் பெறுவதற்குத்தான். வகுப்பில் அது நமக்கு இருபது பேரிடமிருந்து கிடைக்கிறது. காணொளியைப் பார்த்து வீட்டில் கற்பவருக்கு எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காத ஒன்று இது.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த மணி நேரத்துக்குச் சில சொற்கள் போதும்: விளிம்பு கூர்மையா மென்மையா, நிறம் சூடா குளிர்ச்சியா, கண் முதலில் எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது. மற்றவர் படத்தைப் பற்றிப் பேசும் முறை வரும்போது 'அழகாக இருக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், எந்த இடம் ஏன் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். இரண்டாவது கிரிட்டிக்கில் உங்கள் குரல் தானே நிலைத்துவிடும். மதிப்பெண்தான் அச்சமென்றால், எழுத்துத் தரத்துக்குப் பதிலாகத் தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்று மட்டும் பதிவாகும் முறையை உரிய தேதிக்குள் தேர்ந்தெடுக்கப் பல கல்லூரிகளில் வழியுண்டு. அதையும் மீறி விலகத்தான் வேண்டும் என்றால், கட்டணம் திரும்பக் கிடைக்கும் நாளும், பதிவேட்டில் விலகியதாகக் குறிக்கப்படாமல் வெளியேறும் நாளும் பருவத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாடி சாய்ந்ததற்காக விலகாதீர்கள். அடுத்த முறை, ஜாடியின் நடுவில் ஓர் அச்சுக்கோட்டை மெல்லிய பென்சிலால் இட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரு புறத்தையும் அந்தக் கோட்டிலிருந்து அளந்தால் சாய்வு வராது.

கேள்வி (சான்டா கிளாரா வாசகர்): வகுப்பு முடிந்துவிட்டது. அதையே அடுத்த பருவத்திலும் மீண்டும் எடுக்க விரும்புகிறேன். முடியுமா?

பதில்: தேர்ச்சி பெற்றுவிட்டால் அதே வகுப்பை மறுபடி எடுக்கக் கலிஃபோர்னியா விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை; கலைப் பாடங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு 2013 முதல் இறுகிவிட்டது. அடுத்த நிலை வகுப்பில் சேருங்கள். பல கல்லூரிகளில் இரண்டு நிலை மாணவர்களும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் பயில்கிறார்கள் என்பதால், பழைய ஈசலுக்கே திரும்பிச் செல்வது போலத்தான் இருக்கும்.

கேள்வி (கலிஃபோர்னியாவின் டப்ளின் வாசகி): வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அக்ரிலிக்கை வீட்டில் வைத்து வரைவது பாதுகாப்பானதா? தூரிகை கழுவிய நீரை என்ன செய்வது? முடித்த படங்களை எங்கே வைப்பது?

பதில்: டர்பன்டைன் போன்ற கரைப்பான் தேவைப்படாததால், குழந்தை உள்ள வீட்டுக்கு எண்ணெய் வண்ணத்தைவிட அக்ரிலிக் ஏற்றது. ஆனாலும் நிறமிகள் எல்லாம் ஒன்றுபோல் அல்ல. காட்மியம், கோபால்ட் உள்ள குழாய்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைத் தூரிகையால் பூசுவதில் அச்சமில்லை. காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்ப்பதும், தெளிப்பானில் தெளிப்பதும் கூடாது, ஏனென்றால் தூசாக மூச்சில் போகும். குழந்தை தவழும் இடத்தில் வரைபவர் 'ஹ்யூ' குழாய்களையே வாங்கிக்கொள்வது நிம்மதி. தூரிகையை வாயில் வைத்து முனை கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

தூரிகையைக் கழுவும் முன் பழைய துணியில் நன்றாகத் துடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். கழுவிய நீரை ஒரு வாளியில் இரவு முழுவதும் தெளியவிட்டு, மேலே உள்ள நீரை வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றி, அடியில் தங்கியதை உலரவைத்துக் குப்பையில் போடுங்கள். வாசலில் உள்ள மழைநீர் வடிகாலில் ஊற்றவே கூடாது. இந்தப் பகுதியில் அந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கும் போய்ச் சேருகிறது.

படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். அக்ரிலிக் படலம் காய்ந்த பின்னும் வெப்பத்தில் இளகும். ஜூலை வெயிலில் கார் டிக்கியில் கிடந்த என் இரண்டு படங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒன்றின் வானம் மற்றொன்றின் மரத்தோடு போய்விட்டது. இடையில் பார்ச்மெண்ட் காகிதத்தை வைத்து, செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒன்றையாவது சுவரில் மாட்டுங்கள்.